மணமேடையில் மூன்றாமவர்

திருமணம் என்பது இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஆயினும், மேடையில் எப்போதும் மூவர் இருக்கின்றனர். மணமகன் ஒருவன், மணமகள் ஒருத்தி, நடத்தி வைப்பவர் ஒருவர். முதலிருவரைப் பாடாத புலவர் இல்லை. மூன்றாமவரைப் பற்றியோ நம் இலக்கியம் ஓரிரு சொற்களில் கூறிவிட்டு நகர்ந்து விடுகிறது. அவர் எந்த உரிமையில் அங்கே அமர்ந்தார்? யாரைக் கேட்டு நடத்தினார்? அன்று அவர் கண்டது என்ன? கேட்பாரில்லை.

நாம் இன்று கேட்கிறோம். கேட்கக் காரணம், அண்மையில் விருத்தாசலத்தில் அந்த மூன்றாமவரின் நாற்காலியில் நாமே அமர நேர்ந்ததுதான்.

விருத்தாசலத்தைப் பழமலை என்றும் முதுகுன்றம் என்றும் பக்தர் போற்றுவர். காசியினும் வீசம் அதிகம் என்று பெருமை பேசுவர். பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலில், குறையுள்ளோர் தாளில் பிராது எழுதிக் கட்டிவிட்டு, தீர்ப்பு வரும் என்று காத்திருப்பர். ஆனால் அதே ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. அது பீங்கான் முகம்! களிமண்ணைக் கூழாக்கி, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, பொம்மையும் விளக்கும் மின்சாரப் பீங்கான் கட்டையும் செய்யும் உழைப்பாளரின் முகம். மணமகன் சூளை வேலை பார்ப்பவர். மணமகள் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர். இருவரும் தாமே தேர்ந்து, தாமே முடிவு செய்து, நம்மை அழைத்தனர்.

நாளோ ஞாயிறு. உறவினர் ஒரு நாள் கூலியை இழக்காமல் வரக்கூடிய நாள். நேரமோ மாலை நான்கரை. பஞ்சாங்கக்காரர் இராகு காலம் என்று அஞ்சும் ஒன்றரை மணி நேரத்தின் தொடக்கம். மணமக்கள் வேண்டுமென்றே தேர்ந்த நேரம் அது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. நமக்கோ பெருமை தாங்கவில்லை!

நான்கரைக்கு முதல் பேச்சாளர் எழுந்தார். சங்க காலம் தொடங்கிச் சட்டமன்றம் வரை வந்து அமர்ந்தார். இரண்டாமவர் எழுந்தார். முன்னவர் விட்டுவைத்த நூற்றாண்டுகளை எல்லாம் நிரப்பினார். மூன்றாமவர், நேரமின்மையால் சுருங்கச் சொல்வதாகக் கூறி, சுருங்காமல் சொன்னார். பின்னர் நாம் எழுந்தோம். பெண்ணுரிமை பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். அந்த முப்பத்தைந்து நிமிடமும் நமக்குப் பின்னால், மாலையின் பாரம் மடியில் கனக்க, வாய் திறவாமல் அமர்ந்திருந்தாள் ஒரு பெண்.

பின்னர் உறுதிமொழி. நாம் ஒரு சொற்றொடர் சொல்ல, மணமகன் உரக்கச் சொன்னார். மணமகள் உதடு அசைத்தார், ஒலி வரவில்லை. அடுத்த சொற்றொடருக்கு நாம் தாவியபோது, முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து கேட்டார்:

"ஏந்தம்பி, மந்திரம் சொன்ன ஐயரும் அந்தப் பொண்ணு வாயத் தொறக்க விட்டதில்ல. நீங்களும் விடலியே. அப்ப என்னதான் மாறிச்சு?"

மண்டபம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கியை மணமகளிடம் நீட்டினோம். அவர் இடுப்பில் செருகியிருந்த தாள் ஒன்றை எடுத்தார். நான்கே வரி. இவரைக் கணவராக ஏற்கிறேன் என்றார். இவர் என்னை மனைவியாக ஏற்பதை நான் ஒப்புகிறேன் என்றார். வேலையை விடமாட்டேன் என்றார். என் கூலி என் கையில் இருக்கும் என்றார். நாம் நான்கு பேர் சேர்ந்து சொல்ல முடியாததை அந்த நான்கு வரி சொல்லிற்று. தாள் முன்பே எழுதப்பட்டிருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை!

மாலை மாற்றி முடிந்து நாம் இறங்கியபோது, பெண்ணின் மாமன் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே நம் கையைப் பற்றினார். "ரொம்ப நன்றிங்க. நல்லவேளை, நீங்கள்லாம் பேசிப் பேசி ஆறு மணியைத் தாண்ட வச்சிட்டீங்க. ராகு காலம் போயிடுச்சு!" என்றார். பஞ்சாங்கத்தை எதிர்த்துக் குறித்த நேரத்தை, நம் சொற்பெருக்கே பஞ்சாங்கத்திற்குக் காணிக்கையாக்கி விட்டது. இதனினும் கூர்மையான திறனாய்வை நாம் எந்த ஏட்டிலும் படித்ததில்லை.

ஊர் திரும்பும் இரவில், மூன்றாமவரைத் தேடி ஏடுகளைப் புரட்டினோம்.

அகநானூற்றின் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் இயற்றியது. உழுந்து பெய்த களி உண்டு, வரிசையாகக் கால் நட்ட பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, விளக்கும் மாலையும் உண்டு. தீ வலம் இல்லை. மறை ஓதுவார் இல்லை. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். 136ஆம் பாட்டு காட்டும் மணத்திலும் புரோகிதர் இல்லை. இந்த இரு பாடல்களையும் நம் மேடைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டி இருக்கிறோம்! தமிழன் மணம் புரோகிதம் அற்றது என்பதற்கு இவற்றினும் தெளிந்த சான்று வேறில்லை. உண்மை. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் அது வழக்குரைஞர் படிப்பு. திறனாய்வாளர் படிப்பு ஆகாது.

மேலும் படிப்போம். அந்த நான்கு மகளிர் மணமகளுக்கு என்ன சொல்கின்றனர்? கற்பினின்று வழுவாதே, கணவன் விரும்பும் துணையாய் இரு என்கின்றனர். கணவனுக்கு அத்தகைய அறிவுரை ஏதும் பாட்டில் இல்லை. பின்னர் இரவில், தனிமையில், அவளது நெஞ்சம் நினைத்தது என்ன என்று கணவன் கேட்கிறான். கேட்டானே, அது சிறப்பு! ஆனால் எப்போது கேட்கிறான்? மணம் முடிந்த பின்னர். அவள் விடை என்ன? மகிழ்ந்து முகம் கவிழ்க்கிறாள், சொல் இல்லை. பாட்டு முழுவதும் அவன் கூற்று. ஆக, புரோகிதன் நுழையாத பந்தலிலும் பெண்ணின் சொல் நுழையவில்லை. புரோகிதனை நீக்குவது முதற்படி, முழுப்படி அன்று.

சிலப்பதிகாரத்திற்கு வருவோம். மங்கல வாழ்த்துப் பாடலில் மூன்றாமவர் வந்துவிட்டார். முதிய பார்ப்பனர் மறைநெறி காட்டுகிறார். கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகின்றனர். ஒரு வரியில் அவர் வருகிறார். அந்த வரியிலேயே மறைகிறார். இளங்கோ மணநாளன்று கண்ணகியைப் பேச வைக்கவில்லை. அவளை அரசவையில் பேச வைத்தார். சிலம்பை உடைத்துப் பேச வைத்தார். ஒரு நகர் எரியும் அளவுக்குப் பேச வைத்தார். மணப்பந்தலில் ஒரு சொல் கேட்கப்பட்டிருந்தால், மதுரையில் அத்தனை சொல் தேவைப்பட்டிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

மூன்றாவது மணம் இந்த நடுநாட்டிலேயே நடந்ததாகச் சொல்லப்படுவது. நடக்காமல் நின்றதும் கூட. சேக்கிழார் பெரிய புராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணமாகப் பாடியது. புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளுக்கும் நாவலூர்ச் சுந்தரருக்கும் மணம். மணவினை தொடங்கும் வேளையில் முதிய வேதியர் ஒருவர் பந்தலில் புகுந்து, மணமகன் தம் அடிமை என்கிறார். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே மூல ஓலை வருகிறது. பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. அடிமையே என்று தீர்ப்பாகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்வோம். சான்று எங்கே என்று கேட்டு, கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்புரைத்த அந்த அவையின் முறை நமக்குப் பிடித்தமானது. முதியவர் சொன்னார் என்பதற்காக அவையினர் தலையாட்டவில்லை. சேக்கிழாரின் கதை கூறும் ஆற்றலையும் நாம் மறுக்கவில்லை. பந்தலின் ஆரவாரம் ஒரு முதியவரின் குரலில் திடுமென அடங்கும் இடம், நாடகம் அறிந்தவன் கைவண்ணம்.

ஆனால், மணமகள்? அவள் பெயரே நமக்குத் தெரிவதில்லை. இன்னாரின் மகள் என்ற அளவில் நிற்கிறாள். மாலையோடு அமர்ந்திருந்தவளை விட்டுவிட்டுக் கூட்டம் முழுவதும் வெண்ணெய்நல்லூருக்குப் போய்விட்டது. ஓலைக்கு அவை உண்டு. அடிமைக்கு அவை உண்டு. அவளுக்கு அவை இல்லை! சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினாள் என்று சொல்லிப் புலவர் கடந்துவிடுகிறார். சுந்தரரோ பின்னர்த் திருவாரூரில் பரவையாரை மணந்தார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். இதே முதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துப் பரவையாரிடம் சேர்த்தார் என்கிறது புராணம். ஆற்றில் இட்ட பொன் குளத்தில் கிடைத்தது. பந்தலில் விட்ட பெண் எங்கே கிடைத்தாள்? இந்தக் கேள்வியைப் புராணம் கேட்கவில்லை. கேட்பது நம் கடமை.

மூன்று ஏடுகள், மூன்று பந்தல்கள். ஒன்றில் மூன்றாமவர் முதுபெண்டிர், ஒன்றில் மறையோதி, ஒன்றில் மணத்தையே நிறுத்தும் வழக்காளி. ஆள் மாறினார், மணமகளின் மௌனம் மாறவில்லை. இந்த மௌனத்தின் மேல் விழுந்த அடிதான் சுயமரியாதைத் திருமணம்.

1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில் புரோகிதரில்லாத் திருமணம் நடந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. ஊர்தோறும் இத்தகைய மணங்கள் பெருகின. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்முறையில் நடந்த ஒரு மணம் செல்லாது என்றது. அந்த ஒரு தீர்ப்பின் நிழல் எத்தனை குடும்பங்கள் மேல் விழுந்தது! மனைவி மனைவியில்லை, மக்கள் முறைப்படி பிறந்த மக்களில்லை. அந்த இழிவைத் துடைத்தது, 1967இல் அண்ணா முதலமைச்சராய் இருந்த போது சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம். 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்து, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாக நிற்கிறது. முன்பு நடந்த மணங்களுக்கும் சேர்த்து அது செல்லுபடி தந்தது.

அந்தப் பிரிவையும் ஓர் இலக்கியமாகப் படித்துப் பாருங்கள். உற்றார், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தாமே அறிவிக்க வேண்டும். எந்த மொழியில்? அவ்விருவருக்கும் விளங்கும் மொழியில். அல்லது மாலை மாற்ற வேண்டும், மோதிரமும் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். அந்த 'அல்லது' என்ற சொல்லே போதும், தாலி கட்டாயமன்று என்று ஆக்குவதற்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: நடத்தி வைப்பவர் என்று ஒருவரைச் சட்டம் கேட்கவே இல்லை! அங்கிருப்போர் யாவரும் சாட்சிகள். மணத்தை நடத்துவோர் மணமக்களே.

2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒருபடி சென்றது. இம்முறை மணத்திற்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்றது. வழக்குரைஞர்களும் தொழில்முறையில் அன்றி நண்பர், உறவினர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம் என்றது. இதற்கு மாறாகச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் கூறியதை ஏற்க மறுத்தது. சாதி கடந்து காதலித்து, பெற்றோருக்கு அஞ்சி ஒளிந்தோடும் இளைஞருக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் எங்கிருந்து வரும்? அவர்களுக்கு வேண்டியது இரண்டு சொல்லும் ஒரு சாட்சியும். சட்டம் அதைத் தந்தது.

சட்டம் நாற்காலியை அகற்றிவிட்டது. நாமோ அதைத் தேடிப்பிடித்துப் போட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். புரோகிதர் புரியாத மொழியில் பேசினார். நாம் புரிந்த மொழியில் பேசுகிறோம். வேறுபாடு பெரிதுதான். ஆனால் இருவரும் பேசும்போது மணமகள் வாய்மூடி இருக்கிறாள் என்றால், ஒற்றுமை அதனினும் பெரிது. விருத்தாசலத்து அச்சில் ஊற்றிய களிமண் போல், ஊருக்கு ஊர் ஒரே வாழ்த்துரையை வார்த்து எடுத்துக்கொண்டு போகிறோம். மணமக்கள் பெயரை மட்டும் மாற்றி வண்ணம் பூசுகிறோம். அச்சுப் பொம்மை கண்ணுக்கு அழகு. அதற்கு வாய் உண்டு, பேச்சு இல்லை.

எனவே தோழர்களே, இனி இப்படிச் செய்வோம். மணநாளுக்கு முன்பே மணமகளைத் தனியே கண்டு, இந்த மணம் உன் விருப்பமா என்று கேட்போம். இல்லை என்றால் மேடை ஏற மறுப்போம். உறுதிமொழியை மணமக்களே எழுதட்டும். மணமகள் முதலில் படிக்கட்டும். மணம் குறித்த நேரத்தில் முடியட்டும். வாழ்த்துரை அதன் பின்னர், பசி வருமுன் முடியட்டும். இராகு காலத்தில் மணம் என்று அறிவித்தால் இராகு காலத்திலேயே நடத்துவோம். நம் நீண்ட நாவினால் பஞ்சாங்கத்தைக் காப்பாற்ற வேண்டாம்!

அன்றிரவு தொடர்வண்டி சந்திப்பில் நாம் காத்திருந்தபோது, மணமக்கள் கொடுத்தனுப்பிய பொதியைப் பிரித்தோம். உள்ளே ஒரு பீங்கான் அகல். மணமகள் தம் கையால் வண்ணம் தீட்டியது. சூளைத் தீயில் வெந்தது. இனி ஒரு தீயை ஏந்த வல்லது. மேசைமேல் அதை வைத்திருக்கிறோம். அடுத்த மணத்திற்குப் புறப்படும் போதெல்லாம் அது கண்ணில் படும். அந்த மூதாட்டியின் கேள்வியும் காதில் விழும்: அப்ப என்னதான் மாறிச்சு?

விடை, நாம் எத்தனை மணி நேரம் பேசினோம் என்பதில் இல்லை. மணமகள் பேசினாளா என்பதில் இருக்கிறது.