விஷ்ணுபுரத்தின் வெள்ளமும் வரலாற்றின் கணக்கும்

1997இல் வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' மிகுபுனைவுதான். எனினும் அது எழுப்பும் வினா வரலாற்றுத் தத்துவம் சார்ந்தது. மூன்று பாகங்களுள் இரண்டாவது, காலத்தால் முதலாவதற்கு முந்தையது. முதற்பாகத்தில் தொன்மமாகிவிட்டவர்கள் இரண்டாம் பாகத்தில் ஐயமும் ஆசையும் உடைய மனிதராக நடமாடுகின்றனர். யுகத்திற்கொரு முறை புரண்டு படுப்பதாக நம்பப்படும் அம்மாபெரும் சிலையையோ, பழங்குடியினர் தம் மூதாதை என்றே அறிவர். வென்றவர் கைப்பட்ட நினைவே புனிதமாகிறது என்பதை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய தமிழ் நாவல் வேறு உண்டோ என ஐயுறுகிறோம்.

நாம் மாறுபடுவது மூன்றாம் பாகத்தில். வெள்ளம் நகரை விழுங்குகிறது. கொடுமை செய்தவர் யார், பட்டவர் யார் என்ற வேறுபாடு அதற்கு இல்லை.

இப்னு கல்தூனும் சுழற்சியைக் கண்டவரே. 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், அரசகுலத்தின் ஆயுளைப் பெரும்பாலும் மூன்று தலைமுறை, அதாவது 120 ஆண்டு என அளந்தார். ஆயின் அவர் கண்ட காரணம் மனிதரிடத்தே உள்ளது: சுகபோகத்தில் 'அஸபிய்யா' எனும் குழுப்பிணைப்பு தளர்கிறது, அநீதி நாட்டைப் பாழாக்குகிறது. ஆது, ஸமூது கூட்டத்தாரின் அழிவைக் கூறும் திருக்குர்ஆன், அதற்கு முன்னரே அவர்களிடம் ஹூத், ஸாலிஹ் எனும் நபிமார்கள் எச்சரிக்க வந்ததையும் கூறுகிறது. விஷ்ணுபுரத்தின் பிரளயமோ எவரையும் விசாரிப்பதில்லை. மூதாதையைப் பறிகொடுத்த அம்மக்களின் முறையீட்டை அத்தனை ஆற்றலுடன் எழுப்பிய நாவலாசிரியர், அதைக் கேட்பாரின்றி வெள்ளத்தில் விட்டுவிடுகிறார்.