வட ஆற்காட்டை வரைந்த கைகள்

மதிலழகு என்றால் விரிஞ்சை என்று ஊர் உலகம் சொல்லும். அந்த மதிலை வரைந்து பெயர் வாங்கிய பழைய ஓவியர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் சட்டென்று வராது. வேலூர்க் கோட்டைக்கு இருந்த மவுசு, அங்கிருந்து மேற்கே சற்றுத் தூரத்தில், பாலாற்றின் தென்கரையில் நிற்கும் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்கு வாய்க்கவில்லை. கோட்டையில் பட்டாளம் இருந்தது; பட்டாளம் இருந்த இடத்துக்குப் படம் போடுகிறவர் வந்தார். வட ஆற்காட்டின் வரலாற்றைப் பழைய படங்களை வைத்துப் படிக்க உட்காருகிறவர் முதலில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் படத்தை எடுத்தாலும், இதற்குக் கூலி கொடுத்தது யார், வரைந்தவர் அந்த இடத்தில் நின்றாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் அழகைப் பற்றிப் பேச வேண்டும்.

மூத்த மரபு பட்டாளத்து மரபு. பீரங்கி எங்கே வைப்பது, மலையில் எந்தப் பக்கம் ஏறுவது என்பதற்குப் படம் வேண்டும் என்பதால் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளுக்கு ஓவியம் பாடமாகவே இருந்தது. இங்கிலாந்தில் வூல்விச் இராணுவப் பள்ளியில் பால் சாண்ட்பி போன்ற பெரிய நிலக்காட்சி ஓவியரே வாத்தியாராக இருந்தார். 1791 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் வேலூரில் படையைத் திரட்டி, ஆம்பூர்ப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, மொகிலிக் கணவாய் வழியாக மைசூர் நாட்டுக்குள் நுழைந்தார். அந்தப் போர் முடிந்ததும் 1793, 1794 ஆண்டுகளில் ராபர்ட் ஹோம், கோல்புரூக், ஆலன் மூவருடைய படத் தொகுதிகளும் லண்டனில் அடுத்தடுத்து வெளிவந்தன. மூன்றும் மைசூர் நாட்டைப் பற்றியவை. படை திரண்ட ஊருக்கும் ஏமாற்றப் பயன்பட்ட ஊருக்கும் தலைப்பில் இடமில்லை. இந்த மரபின் படங்களில் மலையின் சரிவையும் மதிலின் வளைவையும் நம்பலாம். மனிதர்களை நம்ப முடியாது. அவர்கள் எறும்புகள் மாதிரி முன்புறத்தில் ஊர்ந்துகொண்டிருப்பார்கள், மலை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக.

அடுத்து வந்தவர்கள் தொழில்முறை ஓவியர்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792-இல் சென்னையில் இறங்கி, படைகள் போன தடத்தையே பிடித்துக்கொண்டு பாராமகால் பக்கம் போனார்கள். இராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம் என்று இன்றைய கிருஷ்ணகிரி வட்டாரக் குன்றுக் கோட்டைகள் அவர்களுடைய தொகுப்பில் ஏறியது அப்படித்தான். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அந்தத் தொகுப்பில் மொத்தம் 144 தகடுகள். செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவிட்டு அமிலத்தில் அரிக்கச் செய்து, அச்சிட்டபின் கையால் வண்ணம் பூசுவது அந்த முறை. கறுப்புக் கோடு இல்லாமலே நிழலின் அடர்த்தியாலேயே பாறையைக் காட்டிவிடலாம் என்பது அதன் பலம். நம் பக்கத்து வட்டப் பாறைக் குன்றுகளின் வெயிலை அந்தத் தகடுகள் பிடித்த அளவுக்குப் பிறகு வந்த பல கேமராக்கள் பிடிக்கவில்லை என்பது என் கட்சி. கேமராவின் மூதாதையான இருட்டுப் பெட்டியை அவர்களும் உடன் வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இடத்தைப் பார்க்காமலே வரைந்தவர்களின் மரபு ஒன்றும் உண்டு. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். யானைமேல் இருந்த நவாபு சரிவதைக் காட்டும், இன்று எங்கும் எடுத்தாளப்படும் படத்தை வரைந்தவர் பால் பிலிப்போத்தோ என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பிறந்ததே 1846-இல். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தை வட்டச் சுவர் முழுக்கப் பிரம்மாண்டமாகத் தீட்டிப் புகழ்பெற்றவர் அவர். அங்கே களத்துக்குப் போய்ப் பார்த்து, சண்டையிட்டவர்களையும் விசாரித்தார். ஆம்பூருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இப்படிப் பார்க்காமல் வரைவதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலமான புளோரிடாவின் வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் 1591-இல் தியோடர் டி பிரை வெளியிட்ட செதுக்குப் படங்களோடுதான் தொடங்கும். 1564-இல் அங்கே போன ல மொய்ன் என்ற ஓவியரின் பெயரைச் சொல்லி, அந்தக் கரையையே மிதிக்காத டி பிரை தகட்டில் கொண்டுவந்தவை அவை. அவற்றில் எது கண்டது, எது கற்பனை என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

வேலூர்ப் புரட்சிக்கும் இதே கதிதான். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்ததற்கு, நெற்றிக் குறியும் தாடியும் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு ஒரு காரணம். பிற்கால ஆங்கிலப் புத்தகங்கள் நாயகனாக்கியது ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லஸ்பியை. வீரர்களின் இடுப்புவார்களைப் பிணைத்து இறக்கி அவரை மதில்மேல் தூக்கினார்கள் என்று கதை சொல்வார்கள். தலைப்பாகையைக் கழற்றி வீசிய சிப்பாயின் முகத்தை அருகில் போய் வரைய யாரும் கூலி கொடுக்கவில்லை. 200-ஆம் ஆண்டையொட்டி 2006-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிடும் வரைக்கும் அரசாங்கச் செலவில் அந்தச் சிப்பாய்க்கு ஒரு காகிதத் துண்டுகூட அச்சாகவில்லை என்றே தோன்றுகிறது.

இப்போது நம் ஊர்க் கைக்கு வருவோம். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் ஊருக்கு எடுத்துப்போக ஞாபகப் படங்கள் கேட்டார்கள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சென்னை, வேலூர் என்று தண்டு இறங்கிய ஊர்களிலெல்லாம் உள்ளூர் ஓவியர்கள் அதற்கு வரைந்து கொடுத்தார்கள். தஞ்சையில் இந்த வேலையைச் செய்தவர்களில் முச்சியர் முக்கியமானவர்கள். குதிரைச் சேணம் தைப்பது, புத்தகம் கட்டுவது, மரப்பொம்மைக்கு வண்ணம் ஏற்றுவது, படம் எழுதுவது எல்லாம் அவர்கள் தொழில். சென்னை மாகாணக் கச்சேரிகளில் தாளுக்குக் கோடு போட்டு, பேனா சீவி, கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்களும் அவர்களே. தோலை வெட்டின கையும் தூரிகை பிடித்த கையும் ஒன்றாக இருந்த காலம் அது என்பதைத் தோல் வியாபாரத்தில் வாழும் நம் பகுதிக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்தப் படங்களுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஒரு சாதி, ஒரு தொழில், ஒரு கணவன், ஒரு மனைவி. அவன் கையில் தொழிலுக்கு உரிய ஒரு கருவி, அவள் கையில் ஒரு கூடையோ குடமோ குழந்தையோ. தொடுவானத்தை மிகக் கீழே போட்டுவிடுவார்கள். அதனால் ஆட்கள் ஆகாயத்தில் எழுந்து நிற்பதுபோல் தெரியும். காலடியில் இரண்டு புல்கொத்து, பக்கவாட்டில் ஒரு நிழல். செருப்புத் தைப்பவரும் மனைவியும் இப்படிப்பட்ட வரிசைகளில் வழக்கமாக வருவார்கள். வேட்டி மடிப்புக் கலையாது, முகத்தில் களைப்பு இருக்காது. மாதிரிக்கு ஓர் ஆள் என்பதுதான் வாங்குகிறவரின் தேவை என்பதால் ஆளுக்குப் பெயரும் கிடையாது.

வரைந்தவருக்கும் பெரும்பாலும் பெயர் கிடையாது. விதிவிலக்கு வேலூர் எல்லப்பா. 1830-களின் முற்பகுதியில் வேலூரில் வேலை செய்த அவர், படம் எழுதும் கோலத்தில் தன்னையே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் முகம் எழுதியவர் தன் முகத்தையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்ட துணிச்சலை என்னவென்று சொல்வது! அது இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் வில்லியம் டால்ரிம்பிள் ஏற்பாட்டில் கம்பெனிக் கால இந்திய ஓவியர்களுக்கென்று கண்காட்சி தொடங்கியபோது எல்லப்பாவும் அங்கே ஊர்ப் பெயரோடு தொங்கினார். வேலூரில் அவர் பெயரில் ஒரு தெரு வைக்கலாம். வைக்கத்தக்கவர்.

புகைப்படம் வந்ததும் பார்த்து எழுதினாரா என்ற கேள்வி செத்துப்போனது என்று நினைக்கத் தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவில் இராயக்கோட்டை, மதுரை, தஞ்சைப் படங்களை எடுத்தார். காகிதத்தில் வானம் வெறிச்சென்று வந்ததால் மேகத்தை நெகட்டிவில் கையால் தீட்டிக்கொண்டார். செலவு அதிகம் என்று 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் அந்த வேலையை நிறுத்தினார். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண், புகைப்படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, ஜேம்ஸ் பெர்குசனின் 1876-ஆம் ஆண்டு கட்டடக் கலை வரலாற்றில் ஏறியது. யாளியின் பிடரி மயிர் அதில் கோடுகோடாகத் தெளிவாக இருக்கிறது. அந்தக் கோயில் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது, 1981 மார்ச்சில்தான் மூலவர் திரும்ப எழுந்தருளினார் என்பதையெல்லாம் அந்தத் தெளிவு சொல்லாது. பின்னால், 1914-இல், புதுச்சேரியில் இருந்த ழுவோ துப்ரேல் புகைப்படத்தைக் காட்டிலும் கோட்டுப்படத்தை நம்பித் தூண் போதிகைகளை வரிசையாக வரைந்து, காலத்துக்குக் காலம் வடிவம் மாறுவதைக் காட்டினார். தொங்கும் மொட்டு வந்துவிட்டால் விஜயநகரக் காலம் என்று இன்று கோயிலுக்குள் நுழையும் கல்லூரி மாணவர் சட்டென்று சொல்வது அந்தச் சிறு கோட்டுப்படங்களின் தயவில்.

விரிஞ்சிபுரத்துக்கு மரியாதை செய்தது இதைவிடவும் எளிய கலை: கல்வெட்டுப் படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளைப் புகுத்துவார்கள். பாதி காய்ந்ததும் மை ஒற்றும் பொதியால் மேலே தட்டுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். படி எடுப்பவரின் ரசனை நுழைய அதில் வழியே இல்லை. 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவ்வூர்க் கல்வெட்டுகள் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று சக ஆண்டு 1347, அதாவது 1425-ஐ ஒட்டியது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள், பெண்ணுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இல்லாமல் கன்னிகாதானமாகவே திருமணம் செய்வது என்று கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. மீறினால் அரச தண்டனை, சாதி விலக்கு. மதிலை வரைய வராதவர்கள் விட்ட குறையை ஈரத்தாள் கொஞ்சம் தீர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தீராத குறை ஒன்று மிச்சம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகள் இந்த மரபுகளுக்குள் சரியாக வரவேயில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் முடி கழற்றி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டெடுத்த தோல், மூட்டை கட்டிச் சென்னைக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போயிற்று. மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றி ஆல்பிரெட் சாட்டர்டன் 1904-இல் அரசுக்குத் தனி நூலே எழுதினார். குரோம் பதனிடும் முறையை இங்கே பரப்பப் பாடுபட்டவரும் அவரே. ஆனால் அழகுக்காக வந்தவருக்கு அந்த நாற்றம் ஆகவில்லை, படைக்காக வந்தவருக்கு அங்கே கோட்டையில்லை. முழங்கால் வரை தொட்டியில் நின்றவரின் படம் இருந்தால் அது முதலாளி வீட்டு ஆல்பத்தில், கிடங்கு திறப்பு விழாவின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு இருக்கும். அப்படி ஒன்று எந்த வீட்டுப் பரணில் இருந்தாலும், பின்பக்கம் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, ஒரு பிரதி எடுத்து மாவட்ட அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள். வேலூர்க் கோட்டைக்குள்தான் இருக்கிறது.