மொழியால் தேசம் அமையுமா? நோவா வெப்ஸ்டரின் அகராதியும் (1828) தொடக்கக்கால அமெரிக்கத் தேசியமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் குடியரசு உருவான முதல் அரை நூற்றாண்டில் தேசிய உணர்வை மொழியின்மீது நிறுவ முயன்றவர்களுள் முதன்மையானவர் நோவா வெப்ஸ்டர் (1758-1843). அவரது 1828ஆம் ஆண்டு அகராதி அமெரிக்க மொழித் தேசியத்தின் வெற்றிச் சின்னமாகக் கருதப்பட்டு வருகிறது. அவ்வகராதியின் முன்னுரையையும் 'தேசம்' என்னும் சொல்லுக்கு அது தரும் விளக்கத்தையும் நெருங்கி வாசிக்கும் இக்கட்டுரை, வெப்ஸ்டர் தம் மொழித் தேசியக் கோட்பாட்டைத் தாமே கைவிட்டார் என்றும், அக்கோட்பாடு செரோக்கி மக்களுக்கே முழுமையாகப் பொருந்தியது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தேசியம், அகராதியியல், நோவா வெப்ஸ்டர், செரோக்கி, பெனடிக்ட் ஆண்டர்சன்

முன்னுரை

தேசம் என்பது அச்சு ஊடகத்தின் வழியே கற்பிதம் செய்யப்படும் சமூகம் என்பது பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் முன்வைத்த கருத்து. ஐரோப்பியத் தேசியங்களில் மொழிக்குரிய இடம் அமெரிக்கக் கண்டங்களில் இல்லை என்றும் அவர் கூறுகிறார். குடியேறியோரும் அவர்கள் எதிர்த்த தாய்நாட்டாரும் ஒரே மொழியைப் பேசியதால் அங்கே மொழி ஒரு சிக்கலாக எழவில்லை என்பது அவர் தரும் காரணம். இக்கூற்றோடு வெப்ஸ்டரை வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண் தோன்றுகிறது. மொழி சிக்கலாக இல்லாத இடத்தில் அதைச் சிக்கலாக்க ஒருவர் வாழ்நாள் முழுதும் ஏன் உழைத்தார் என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். வெப்ஸ்டரையும் செரோக்கி எழுத்தை உருவாக்கிய செக்கோயாவையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர் ஜில் லெபோர் (2002). எழுத்துகளுக்கும் தேசத்துக்கும் உள்ள உறவு அவர் நூலின் அக்கறை. இக்கட்டுரை அகராதியின் சொல்விளக்கத்திலிருந்து தொடங்குகிறது.

பிரிவினையிலிருந்து ஒருமைக்கு

வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல கோடிப் படிகள் விற்றது. 1789இல் வெளிவந்த மொழியாராய்ச்சி உரைகளில், செர்மானியத்திலிருந்து டச்சும் டேனிஷும் ஸ்வீடிஷும் விலகியதைப்போல அமெரிக்க மொழியும் இங்கிலாந்தின் மொழியிலிருந்து காலப்போக்கில் விலகிவிடும் என அவர் கணித்தார். எழுத்துக்கூட்டைச் சீர்திருத்துவது அவ்விலகலை விரைவுபடுத்தும் என்பது அவர் நம்பிக்கை.

1828ஆம் ஆண்டின் இரு தொகுதி அகராதி சுமார் 70,000 சொற்களைக் கொண்டது. 'ஆங்கில மொழியின் அமெரிக்க அகராதி' எனப் பொருள்படும் அதன் தலைப்பிலேயே மொழி ஆங்கிலம் என்னும் ஒப்புதல் அடங்கியுள்ளது. முன்னுரையில் வெப்ஸ்டர் இரு நாட்டு மொழியும் ஒன்றாகவே தொடர்வது விரும்பத்தக்கது என எழுதுகிறார். பணியின் இறுதிப் பகுதியை அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தபடி நிறைவு செய்தார் என்பதும் கருதத்தக்கது. 'கலர்', 'சென்டர்' போன்ற சொற்களின் எழுத்துக்கூட்டில் ஏற்பட்ட சிறு மாற்றங்கள் நிலைத்தன. அவருடைய துணிவான மாற்றங்கள் பல வழக்கிழந்தன.

நிலத்தின் சொற்கள்

மொழி ஒன்றே எனில் அமெரிக்கருக்குத் தனி அகராதி எதற்கு? முன்னுரை தரும் விடை நிறுவனங்களைச் சார்ந்தது. நிலப்பிரபுத்துவம் சார்ந்த ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் பொருள் இல்லை. மாறாக, அமெரிக்க நிறுவனங்கள் புதிய சொற்களைப் பிறப்பித்துள்ளன என்கிறார். அவர் தரும் சான்றுகளில் காங்கிரசும் செனட்டும் இடம்பெறுகின்றன. அவற்றோடு நில அலுவலகம், நில ஆணைப்பத்திரம், பெருந்தோட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் உள்ளன.

இப்பட்டியலைக் குடியாட்சியின் சொற்றொகுதி என்று மட்டும் வாசிப்பது போதாது. நில அலுவலகம் என்பது பூர்வகுடிகளிடமிருந்து பெறப்பட்ட நிலத்தைக் குடியேறியோருக்கு விற்ற அமைப்பு. பெருந்தோட்டம் அடிமை உழைப்போடு பிணைந்தது. அகராதியில் இடம்பெற்ற 'ஸ்கங்க்', 'ஸ்குவாஷ்' போன்ற சொற்களோ அல்கோன்கியன் மொழிகளிலிருந்து வந்தவை. ஆகவே அமெரிக்கத் தனித்தன்மைக்கு அகராதி காட்டும் சான்றுகளில் குறிப்பிடத்தக்க பகுதி பூர்வகுடிகளின் சொல்லாலும் நிலத்தாலும் ஆனது எனலாம்.

'தேசம்': ஒரு சொல்விளக்கம்

'நேஷன்' என்னும் சொல்லுக்கு வெப்ஸ்டர் தரும் முதற்பொருள், ஒரே நாட்டில் வாழும் அல்லது ஒரே அரசின்கீழ் இணைந்த மக்கள் என்பதாகும். ஓர் அரசின்கீழ்ப் பல தேசங்கள் இருக்கும்போது இச்சொல் பெரும்பாலும் ஒரே மொழி பேசும் மக்களையோ, முன்பு தனி அரசாக இருந்து வெல்லப்பட்ட அல்லது இணைக்கப்பட்ட மக்களையோ குறிக்கும் என்றும் அவர் சேர்க்கிறார். அமெரிக்கர் முதற்பொருளால் தேசமாகின்றனர். மொழியை அளவுகோலாகக் கொண்ட பொருளோ அவர்களை இங்கிலாந்திலிருந்து பிரித்துக்காட்டாது. 1789இன் வெப்ஸ்டர் எதன்மீது தேசத்தை நிறுவ முயன்றாரோ அது 1828இல் துணைப்பொருளாகச் சுருங்கிவிட்டது.

அத்துணைப்பொருள் செரோக்கியருக்குப் பொருந்துகிறது. செக்கோயா 1821இல் அசையெழுத்து முறையை நிறைவு செய்தார். 1827இல் அம்மக்கள் எழுத்துவடிவ அரசமைப்பை ஏற்றனர். அகராதி வெளிவந்த அதே 1828ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று, நியூ எக்கோட்டாவில் எலையாஸ் பவுடினோவை ஆசிரியராகக் கொண்டு 'செரோக்கி ஃபீனிக்ஸ்' இதழ் இரு மொழிகளில் வெளிவந்தது. தனி மொழி, தனி எழுத்து, அச்சு இதழ் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன.

எனினும் அவ்வாண்டு டிசம்பரில் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தின்மீது தன் சட்டங்களை விரித்தது. 1830இல் குடியகற்றச் சட்டம் நிறைவேறியது. 1831இல் உச்ச நீதிமன்றம் அவர்களை உள்நாட்டுச் சார்புத் தேசம் என வகைப்படுத்தியது. 1832இல் அதே நீதிமன்றம் ஜார்ஜியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தும், 1838-39இல் நிகழ்ந்த வெளியேற்றம் தடுக்கப்படவில்லை. செரோக்கித் தேசியத்தைக் குறையற்றதாகக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்களுள் வசதி படைத்தோர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தனர். 1827இன் அரசமைப்பு கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை மறுத்தது.

முடிவுரை

அமெரிக்காவில் மொழி ஒரு சிக்கலாக எழவில்லை என்னும் ஆண்டர்சனின் கூற்று குடியேறியோரை மட்டும் நோக்கும்போது ஏற்கத்தக்கது. வெப்ஸ்டரின் பின்வாங்கலே அதற்குச் சான்று. அதே மண்ணில் மொழியும் எழுத்தும் அச்சும் கொண்ட மற்றொரு தேசம் இருந்ததை அக்கூற்று கணக்கில் கொள்ளவில்லை. கற்பிதம் செய்யும் ஆற்றல் இரு தரப்பிலும் இருந்தது. எந்தக் கற்பிதம் நிலைக்கும் என்பதை நிலத்தின்மீதான அரசதிகாரமே முடிவு செய்தது. எனவே அச்சையும் மொழியையும் கொண்டு தேசியத்தை விளக்கும் ஆய்வுகள், அவை இருந்தும் தேசமாக ஏற்கப்படாத மக்களையும் சேர்த்தே தம் கருத்தாக்கத்தைச் சோதிக்க வேண்டும். அத்தகைய சோதனைக்கு வெப்ஸ்டரின் அகராதி எதிர்பாராத வகையில் நல்லதொரு மூலமாக அமைகிறது.