கலைக்கொள்கையும் மொழிபெயர்ப்பும்: குரோச்சே, பெஞ்சமின், குட்மன்

கலை என்பது யாது என்னும் வினாவுக்கு மெய்யியலார் தரும் விடை, மொழிபெயர்ப்பாளர்தம் பணி யாது என்னும் வினாவுக்கும் மறைமுகமாக விடையாகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் மூன்று கலைக்கொள்கைகளை இக்கோணத்தில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தாலிய மெய்யியலார் பெனடெட்டோ குரோச்சே 1902இல் வெளியிட்ட அழகியல் நூலின் தலைப்பிலேயே பொது மொழியியலும் இடம்பெற்றது. கலை உள்ளுணர்வின் வெளிப்பாடு, மொழியும் வெளிப்பாடே, ஆதலின் அழகியலும் மொழியியலும் ஒன்றே என்பது அவர் துணிபு. ஒவ்வொரு வெளிப்பாடும் தனித்தன்மை உடையது. எனவே ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தல் இயலாது. அதனை ஒத்த வேறொன்றைப் படைத்தலே இயலும். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் இதன்படி இலக்கணம் வெறும் வகைப்பாட்டு வசதியாகச் சுருங்கிவிடுகிறது. இரு மொழிகளின் அமைப்புகளை ஒப்பிட்டே மொழிபெயர்ப்பாளர் முடிவெடுக்கிறார் என்னும் நடைமுறை உண்மைக்கு இங்கு விளக்கம் இல்லை.

போதலேரின் கவிதைகளைத் தாம் ஜெர்மானியத்தில் பெயர்த்த நூலுக்கு வால்டர் பெஞ்சமின் எழுதிய முன்னுரை 1923இல் வெளிவந்தது. கலைப்படைப்பு நுகர்வோரை முன்னிட்டு எழுவதன்று. செய்தியுணர்த்தல் அதன் சாரமும் அன்று என்கிறார் அவர். ஆகவே மொழிபெயர்ப்பு, மூலத்தின் தொடர்வாழ்வாகிறது. குரோச்சே இயலாமை கண்ட இடத்தில் இவர் வளர்ச்சியைக் காண்கிறார். ஆனால் வாசகரை ஒதுக்கிவிட்டபின், இரு மொழிபெயர்ப்புகளுள் ஏற்றது எது எனத் தெரிதற்குரிய அளவுகோல் தெளிவாகக் கிட்டுவதில்லை.

அமெரிக்க மெய்யியலார் நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ என்னும் நூல், போலி ஓவியச் சிக்கலின்வழி இவ்வினாவை அணுகுகிறது. ஓவியத்தில் மூலமும் போலியும் வேறானவை. இலக்கியத்திலோ எழுத்துப் பிறழாத ஒவ்வொரு படியும் அப்படைப்பே. ஒரு சொல்லுக்குப் பதிலாக அதே பொருளுடைய வேறு சொல்லை இட்டாலும் படைப்பு வேறாகிவிடும். தமிழ்ச் சுவடி மரபில் இவ்வரையறை இடர்ப்படுகிறது. குறுந்தொகைப் பாடலொன்றிற்குப் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகள் தரும்போது, அவற்றை வெவ்வேறு பாடல்கள் என்று எவரும் கொள்வதில்லை. அவற்றுள் ஒன்றே மூலம், ஏனையவை படியெடுத்தோர் பிழை எனலாம். ஆனால் அந்த மூலம் எதுவெனத் துணிய இயலாதபோதும் பாடல் ஒன்றே என்கிறோம். எனவே எழுத்தொற்றுமை மட்டுமே படைப்பின் அடையாளம் ஆகாது.

ஆயினும் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும் கருத்தும் குட்மனிடமே உள்ளது. கவிதை ஒன்றைச் சுட்டுவதோடு நில்லாது, ஓசை, நடை முதலிய தன் பண்புகள் சிலவற்றை எடுத்துக்காட்டாக முன்னிறுத்தவும் செய்கிறது. சுட்டுதல், எடுத்துக்காட்டல், உணர்வு வெளிப்படுத்தல் ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு முதன்மை தருவது என்பதே கவிதை மொழிபெயர்ப்பில் எழும் முடிவு என அவர் காட்டுகிறார். முழுமை இயலாது என்னும் குரோச்சேயின் கூற்று இங்கு ஆய்வுக்குரிய தெரிவாக மாறுகிறது.

தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தது. வழிநூல் முதனூலினின்று வேறான நூல். எனினும் அதற்குக் கடப்பாடுடையது. குட்மனின் அடையாள வரையறை வேறுபாட்டை மட்டுமே காண்கிறது. பெஞ்சமின் தொடர்ச்சியை வலியுறுத்துகிறார். இரண்டும் ஒருங்கே தேவை. தாம் எப்பண்பைக் காத்தார், எதனை விடுத்தார் என்று மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் கூறுவாராயின், அக்கடப்பாட்டை அளந்தறியும் வாய்ப்பு திறனாய்வாளர்க்குக் கிட்டும். ‘மூலத்தின் சுவை குன்றவில்லை’ என்னும் பொதுப் பாராட்டுரை அதற்கு ஈடாகாது.