சத்னாமுக்கு முன்னால் கீத்து

இந்தியத் தொழில்முறைக் கூடைப்பந்தின் கதையை 2015இலிருந்தே தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டு டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாகச் சத்னாம் சிங்கை எடுத்தது. பஞ்சாபின் ஒரு சிற்றூரிலிருந்து அவ்வளவு தூரம் போன இளைஞரைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் அவர் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை அணியோடு சரி. ஒன்பது ஆண்டு முந்தியே, 2006இல், இந்திய வீராங்கனை கீத்து அன்னா ஜோஸ் மெல்போர்னில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடப் போய்விட்டார். இதை மறந்த வரலாறு வரலாறே அல்ல.

முற்பகுதி தெரிந்ததுதான்: 1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித், 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1950இல் தேசியச் சம்மேளனம், 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக். இவற்றை எழுதியவர்கள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஆடியவர்களுக்குச் சோறு போட்டது யார்?

கோலார் தங்க வயலிலிருந்து பார்ப்பவருக்கு அதற்கு விடை தேட வேண்டியதில்லை. இங்கே லைன் வீடு, ஆஸ்பத்திரி, கிளப், மைதானம் எல்லாம் சுரங்கக் கம்பெனி கொடுத்தவை. ஹாக்கியும் பந்தும் குத்துச்சண்டையும் அந்த நிழலில்தான் வளர்ந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதும் அந்த நிழல் போயிற்று. சென்னையில் அதே வேலையைத் தெற்கு ரயில்வேயும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் செய்தன. பெயருக்கு எழுத்தர், உண்மையில் ஆட்டக்காரர். நம்முடைய தொழில்முறை ஆட்டம் இதுதான். இதை ஒப்புக்கொள்ள ஏன் கூச்சம்?

கீத்து அந்தத் தெற்கு ரயில்வேயின் ஆள். கோட்டயம் மாவட்டத்துப் பெண், ஆறடி இரண்டு அங்குலம். ரிங்வுட் ஆடிய பிக் வி, விக்டோரியாவின் மாநில அளவிலான லீக். பெரிய மேடை அல்ல. ஆனால் பருவம் முழுக்க வாராவாரம் ஆட்டம் உண்டு. இந்தியாவில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லை. 2008ஓடு கீத்துவின் ரிங்வுட் காலம் முடிந்தது. 2011இல் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைச் சோதித்துப் பார்த்தன, எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போது அவருக்கு 25 வயது. அர்ஜுனா விருது வந்தது 2014இல்.

அவருடைய வெளிநாட்டு ஆட்டக்காலம் குறுகியதற்குத் திறமைக் குறைவு காரணமென்று நான் நம்பவில்லை. ஆண்டுக்கு ஒரு தேசியப் போட்டி, நடுவில் சில கோப்பைகள் என்ற அட்டவணையில் வளர்ந்தவர், மாதக்கணக்கில் ஆடிப் பழகியவர்களோடு சில நாள் சோதனையில் மோதினார். இந்திய அணியின் தலைவியாக இருந்த பி. அனிதாவும் இதே ரயில்வே அட்டவணையில்தான் ஆடினார்; 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அவருக்கும் உள்ளூரில் ஒரு முழுப் பருவ லீக் வாய்க்கவில்லை.

2015இல் யு.பி.ஏ. என்ற இந்தியத் தொழில்முறை லீக் வந்தது, அதில் சென்னை ஸ்லாம் அணி வந்தது; 2017ஓடு போயிற்று. அது ஆண்களுக்கான லீக். தொலைக்காட்சிக்காக முளைக்கும் லீக்குகளை இன்னும் எத்தனை முறை வரவேற்பது? சம்பளம் தரும் ரயில்வே, வங்கி அணிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஊர் ஊராக எட்டு மாதம் ஆடவிடலாம், பெண்கள் அணிகளை முதலில். வெளிநாட்டு அழைப்பு வந்தால் வேலை போகாமல் நீண்ட விடுப்பும் தரலாம். அந்தச் சுற்றில் எங்கள் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டைக்கும் ஓர் ஆட்டம் வரவேண்டும்.