மௌலவிக் கல்வியில் சுகாதாரம்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையோர முஸ்லிம் ஊர்களில், வைத்தியரிடம் கேட்க வேண்டிய பல கேள்விகள் மௌலவியிடமும் வருகின்றன. சீனி வருத்தத்தோடு நோன்பு பிடிக்கலாமா, இன்சுலின் ஏற்றினால் நோன்பு முறியுமா என்று மக்கள் கேட்கிறார்கள். ஆகவே அரபுக் கல்லூரி மாணவர் பெறும் சுகாதார அறிவு ஊரின் நலத்தோடு நேரே தொடர்புடையது.

இக்கல்வியின் பலம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. பிக்ஹு எனும் மார்க்கச் சட்டப் பாடமே தஹாரத் எனும் தூய்மையில்தான் தொடங்குகிறது. நீர், வுழூ, குளிப்பு, நோயாளியின் தொழுகை, நோன்பு, ஜனாஸாக் குளிப்பாட்டல் எல்லாம் அதில் அடங்கும். உயிரைப் பேணுவது ஷரீஅத்தின் ஐந்து பெருநோக்கங்களில் ஒன்று. இதனால் சுகாதாரம் வெளியார் புத்திமதியாக அன்றி மார்க்கக் கடமையாகவே மாணவரிடம் சேர்கிறது.

பாடம் சட்டத்தோடு நின்றுவிடும்போது குறை தொடங்குகிறது. ஷாபிஈ மத்ஹபின்படி, இரு குல்லத் அளவுள்ள நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை அது சுத்தமானது. வணக்கத்துக்கு இந்த அளவுகோல் போதும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த, தேங்கிய நீரில்தான். வுழூச் செய்யும் ஹவுழ்த் தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரந்தோறும் சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் அவை போகும். நோன்பிலும் இப்படித்தான். நோயாளிக்குச் சலுகை உண்டு என்பது பாடத்தில் இருக்கிறது. இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே விட வேண்டும் என்பது வைத்தியத்தில் இருக்கிறது. சுகாதார அதிகாரி எப்போதாவது வந்து நிகழ்த்தும் ஒருநாள் விரிவுரை இவ்விரண்டையும் இணைத்துவிடாது.

சுகாதார அறிவு விதிகளுக்குக் கீழ்ப்படிவதற்கு மட்டும் உரியதன்று. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொவிட் ஜனாஸாக்களை அடக்க இடமளித்தது. இலங்கை அரசோ 2021 பெப்ரவரி வரை எரிப்பைக் கட்டாயமாக்கியது. சான்றை வாசிக்கத் தெரிந்த ஆலிமால்தான் அந்த அநீதியை ஆதாரத்தோடு மறுக்கவும், நோய்த்தடுப்பு விதிகளை மக்கள் கைவிடாமல் காக்கவும் முடியும்.

இன்னொரு குறை, ஜும்ஆ குத்பா பெரும்பாலும் ஆண்களையே எட்டுவது. உகண்டாவின் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1992இல் எய்ட்ஸ் தடுப்புக்கு இமாம்களைப் பயிற்றியபோது, வீடுவீடாகச் செல்ல ஆண், பெண் உதவியாளர்களையும் சேர்த்தே பயிற்றியது. கர்ப்பகாலப் பராமரிப்பும் குழந்தைப் போசாக்கும் பெண்கள் அரபுக் கல்லூரிகளில் இடம்பெற வேண்டுவது இதனால்தான்.

தனிப்பாடம் ஒன்றைப் புதிதாகச் சுமத்தத் தேவையில்லை. தஹாரத், நோன்பு, ஜனாஸா அத்தியாயங்களை உஸ்தாதும் வைத்தியரும் சேர்ந்து நடத்தி, அவற்றைப் பரீட்சையிலும் கேட்டால் போதும். வைத்தியம் பார்ப்பது மௌலவியின் வேலையல்ல. எந்தக் கேள்வியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பது அவர் கடமை.