உள்ளே என்ன சார் நடந்தது?

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் இருக்கிறது. விக்டோரியா பப்ளிக் ஹால். எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு ஹெரிடேஜ் வாக் போன அன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று பார்த்தேன்.

கூட்டிப்போனவர் நன்றாகவே பேசினார். வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி வைத்த பெயர். கோபுரத்துக் கூரையில் திருவிதாங்கூர் சாயல். எல்லாம் சரியான தகவல். அப்போது பின்னால் நின்ற ஒரு பையன் கேட்டான்: “உள்ளே என்ன சார் நடந்தது?”

“கூட்டம், நாடகமெல்லாம் நடந்திருக்குப்பா” என்றவர் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

அந்த ‘நாடகமெல்லாம்’ என்ற ஒரு சொல்லில்தான் நம் நகர வரலாற்று எழுத்தின் பிரச்சனையே இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் அச்சு ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். யார் கட்டினார், எந்த வருஷம், என்ன பாணி, இப்போது எவ்வளவு பாழ், கடைசியில் ஒரு பெருமூச்சு. படம் மட்டும் மாறும்.

எஸ்.முத்தையாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1981இல் அவருடைய ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ வந்திராவிட்டால், 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ தொடங்கியிராவிட்டால், இன்றைக்கு ஆகஸ்ட் 22ஐ யாரும் கொண்டாடப்போவதில்லை. அவர் எழுத்தில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். வியாபாரிகள், டாக்டர்கள், வாத்தியார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் அவரிடமிருந்து ஆட்களை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். என் புகார் அவ்வளவுதான்.

தேதியும் வேண்டும்தான். 2006இல் மவுண்ட் ரோட்டில் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தபோது விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், 2010 தீர்ப்பில்தான் அது தப்பித்தது. கோர்ட்டில் பெருமூச்சு செல்லாது, ஆதாரம் வேண்டும். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றுகிற ஆதாரம் வேறு, அதன் மேல் ஜனங்களுக்கு வருகிற உரிமை உணர்ச்சி வேறு. அந்தப் பையன் கேட்டது இரண்டாவதை.

அவனுக்கான பதில் தமிழில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’. நாடக வரலாறு என்ற அலமாரியில் போட்டு மூடிவைத்திருக்கிறோமே, அந்தப் புத்தகம்தான். அதை ஒரு தடவை சென்னை நகரத்தின் புத்தகமாகப் படித்துப் பாருங்கள். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த இளைஞர் அவர். பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவின் நாடகத்தைப் பார்த்த பிறகு மனம் மாறி, 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். பின்னாளில் அவரே நீதிபதியும் ஆகிறார். வேஷம் கட்டியவர்களில் பலர் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். பெண் வேடத்துக்குப் பேர்போன ரங்கவடிவேலு போன்றவர்களைப் பற்றியெல்லாம் ஒருவர் விடாமல், யாருக்கு என்ன வரும், யாருக்கு என்ன வராது என்று எழுதிக்கொண்டே போகிறார்.

கூத்தாடி என்று ஒரு வக்கீலை யாரும் சொல்லிவிட முடியாத மேடை அந்த ஹாலில் கிடைத்தது என்று நினைக்கிறேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூட்டம் போடுகிற இடத்தில் ஏறி நடித்தால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. செங்கல் அங்கே செய்த வேலை அதுதான். எந்தப் பாணிக் கோபுரம் என்பதைவிட இது முக்கியமில்லையா?

இதே இடத்தில் ஒரு சிக்கலும் வருகிறது. அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைத் தொழில்முறைக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்திக்கொண்டிருந்தன. கொட்டகையைப் பிரித்தால் வெறும் பொட்டல். அங்கே எந்த ஹெரிடேஜ் வாக்கும் நிற்காது. கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால், கட்டடம் கிடைத்தவர்களின் சரித்திரம் மட்டும்தான் மிஞ்சும்.

இதைச் சோதித்துப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். ஹாலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட் இருந்தது. 1900இல் திறந்தார்கள், 1985 மே மாதம் எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம். ‘மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்’ என்று பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்க்கெட்டின் போட்டோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வளைவுகள், செங்கல் முகப்பு எல்லாம் தெரிகிறது. ஆனால் அங்கே பழைய புத்தகக் கடையில் விலை எப்படிப் படிந்தது? அட்டையைப் பார்த்தே இது எந்த மாதிரி ஆசாமி தேடுகிற புத்தகம் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது? ஒரு தலைமுறை வாசகர்களும் எழுத்தாளர்களும் அந்த நடைபாதையில் உட்கார்ந்து படித்து உருவானவர்கள். அது எந்தப் போட்டோவிலும் இல்லை.

அது தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீக்குப் பிறகு கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். 1985இல் இருபது வயதில் கடையில் நின்றவருக்கு இன்றைக்கு அறுபது தாண்டியிருக்கும். நம் கையில் இருக்கிற போனில் ரெக்கார்டர் இருக்கிறது. முகப்பைப் படம் பிடிக்கிற நேரத்தில் பாதியை ஒருவர் பேச்சைப் பதியச் செலவழித்தால், மெட்ராஸ் டே வாரத்தில் வருகிற படங்களைவிட நாளைக்கு அதற்குத்தான் மதிப்பு அதிகம். சம்பந்த முதலியார் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். என்ன, அவரே பேசி அவரே எழுதிக்கொண்டார்.

விக்டோரியா ஹாலின் புதுப்பிப்பு வேலையை மாநகராட்சி சமீபத்தில் எடுத்துச் செய்தது. சந்தோஷம். அங்கே வைக்கிற பலகையில் சிஷோம் பெயர் இருக்கும், நம்பெருமாள் செட்டியார் பெயர் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ரங்கவடிவேலு பெயர் இருக்குமா? அடுத்த நடையில் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் அதே கேள்வியைக் கேட்பான். அப்போது கூட்டத்தில் நம்மில் ஒருத்தராவது அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு நிற்க வேண்டும்.